நடுவழியில் கொதிக்கும் ரேடியேட்டர்: கைவைத்தியம் எதுவரை?

நம் சங்க உறுப்பினர்களில் புது வண்டி வைத்திருப்பவர்கள் ஒருபுறம் இருக்க, பழைய வண்டியைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றி, அதிலேயே கடைக்குச் சரக்கு கொண்டுவருபவர்களும் கணிசமாக இருக்கிறார்கள். பிரீமியர் பத்மினியின் உற்பத்தி 2000-ஆம் ஆண்டு வாக்கில் முடிந்துபோயிற்று. அம்பாசிடர் 2014 மே மாதத்துடன் நின்றது. மாருதி ஆம்னி 2019-இல் நின்றது. கம்பெனி நிறுத்தினாலும் வண்டி நிற்கவில்லை. 15 ஆண்டு கழிந்ததும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவைப் புதுப்பித்துக்கொண்டு, மூட்டைகளைச் சுமந்து ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. இத்தகைய வண்டிகள் நடுவழியில் படுத்துவிடுவதற்கான காரணங்களில் முன்னால் நிற்பது தண்ணீர் கொதித்துப் போவது. அப்போது கையில் இருப்பதை வைத்து எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது, செய்ததை நம்பி எவ்வளவு தூரம் போகலாம் என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

திருவண்ணாமலை வியாபாரிகளுக்கு இதை விளக்க நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்கே இருக்கும் அடி அண்ணாமலையையே எடுத்துக்கொள்வோம். பௌர்ணமிக்கும் கார்த்திகை தீபத்துக்கும் முன்பே அங்குள்ள கடைகளுக்குத் தண்ணீர் பாட்டில், கற்பூரம், அகல், எண்ணெய், பிஸ்கட் என்று சரக்கு இறக்கியாக வேண்டும். கூட்டம் சேர்ந்துவிட்டால் கிரிவலப் பாதையில் வண்டிகளை விடமாட்டார்கள். ஆகவே கடைசிச் சில மணி நேரத்தில் எல்லா வண்டிகளும் ஒன்றாகக் கிளம்பும். 14 கிலோமீட்டர் சுற்றுள்ள அந்தப் பாதையில், முழுச் சுமையோடு, முதல் கியரிலும் இரண்டாம் கியரிலுமாக, நடப்பவர்களுக்குப் பின்னாலேயே ஊர்ந்து போகவேண்டியிருக்கும். வண்டி ஓடும்போது எதிர்காற்று ரேடியேட்டர் வழியாகப் புகுந்து தண்ணீரை ஆற்றிவிடும். ஊர்ந்து போகும்போது அந்தக் காற்று இல்லை. விசிறி ஒன்றுதான் துணை. செங்கம் சாலையில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒழுங்காக வந்த வண்டி, கிரிவலப் பாதையில் இரண்டு கிலோமீட்டருக்குள் கொதிப்பது இதனால்தான். கோளாறு அங்கே பிறப்பதில்லை. ஏற்கெனவே இருந்தது அங்கே வெளிப்படுகிறது.

டாஷ்போர்டில் முள் சிவப்பைத் தொடுகிறது. பானட் இடுக்கில் ஆவி கிளம்புகிறது. "மொதலாளி, தண்ணி ஊத்திக்கினு அப்படியே ஓட்டிடலாமா?" என்று டிரைவர் கேட்பார். அந்தக் கேள்விக்குச் சொல்லும் பதிலைப் பொறுத்துத்தான் செலவு சில நூறு ரூபாயா, பல ஆயிரமா என்பது தீர்மானமாகிறது. அதைவிட முக்கியம், அவசரப்பட்டு மூடியைத் திறக்கும் டிரைவரின் முகமும் கையும்.

குக்கர் தெரிந்தவருக்கு ரேடியேட்டர் தெரியும்

என்ஜினில் எரியும் பெட்ரோலின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தண்ணீர்தான் சுமந்து வெளியேற்றுகிறது. பத்து ரூபாய்க்கு எரிபொருள் எரிந்தால் மூன்று ரூபாய்க்கு மேற்பட்ட சூட்டை ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறோம் என்று கணக்குப் பார்க்கலாம். என்ஜினைச் சுற்றிவந்து சூடேறிய தண்ணீர் மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்குள் வரும். மெல்லிய குழாய்களில் இறங்கி ஆறும். கீழ் ஹோஸ் வழியாக வாட்டர் பம்ப் அதை மறுபடி என்ஜினுக்குள் தள்ளும். இந்தச் சுற்று எங்கே அறுந்தாலும் சூடு என்ஜினிலேயே தங்கிவிடும்.

ரேடியேட்டர் மூடியைப் பலர் வெறும் மூடி என்று நினைக்கிறார்கள். அது குக்கரின் வெயிட் செய்கிற வேலையைச் செய்கிறது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மூடிக்குள் சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் நின்றால் 111 டிகிரி வரை கொதிக்காது. 13 பவுண்டு மூடியானால் 118 டிகிரி வரை தாங்கும். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தாலோ, ரப்பர் வாஷர் வெடித்தாலோ இந்த லாபம் முழுவதும் போய்விடும். மலை ஏறினால் கொதிநிலை இன்னும் குறையும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்குப் புளிக்கும் சாமைக்கும் போய்வரும் நம் வியாபாரிகள் ஏற்றத்தில் படும் பாட்டில் பெரும்பங்கு சுமையுடையது. சிறுபங்கு இந்த உயரத்துடையது.

இந்த மூடியைப் பற்றி ஒரு செய்தி. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி, பிரிட்டனில் வைத்திருந்த ரேடியேட்டர் மூடி தயாரிப்பு இயந்திரங்களை 1990-களின் தொடக்கத்தில் கைவிட்டபோது, அவற்றை வாங்கிச் சென்னைப் பக்கம் கொண்டுவந்து நிறுவியது டி.வி.எஸ். குழுமத்தின் சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ். பிறகு அதே ஜெனரல் மோட்டார்ஸுக்கு மூடிகள் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறின. கடல் தாண்டிப் போகும் அளவுக்குத் தரமான மூடி நம் ஊரில் செய்யப்படும்போது, நம் வண்டியில் பழைய துணியைச் சுருட்டி அடைத்துக்கொண்டு ஓட்டுவது நன்றாக இல்லை. அந்தந்த வண்டிக்குரிய அழுத்த எண் மூடியிலேயே பொறித்திருக்கும். பழைய என்ஜினுக்குக் கூடுதல் அழுத்த மூடி போட்டால் நல்லதுதானே என்று நினைக்கவேண்டாம். பழைய ஹோஸும் பழைய பற்றும் அதைத் தாங்காமல் பிய்ந்துகொள்ளும்.

முதல் அரை மணி நேரம்

முள் ஏறுவது தெரிந்ததும் ஏ.சி. இருந்தால் நிறுத்திவிட்டு ஓரங்கட்ட வேண்டும். ஆவி வரவில்லை, தண்ணீர் சொட்டவில்லை, முள் மட்டும் ஏறியிருக்கிறது என்றால், நியூட்ரலில் வைத்துச் சற்றே ஆக்ஸிலேட்டரை அழுத்தி இரண்டு நிமிடம் பார்க்கலாம். நெரிசலால் ஏறிய சூடு என்றால் விசிறி இழுத்துவிடும். தண்ணீர் கொட்டினாலோ, ஆவி சீறினாலோ, முள் இறங்காவிட்டாலோ, உடனே என்ஜினை நிறுத்துங்கள். இன்னும் அரை கிலோமீட்டரில் கடை வந்துவிடும் என்பது பதில் அல்ல.

ஒரு எச்சரிக்கை. ஏறியிருந்த முள் திடீரென்று தானாக இறங்கினால் சந்தோஷப்படக் கூடாது. முள்ளுக்குச் செய்தி சொல்லும் சென்ஸார் தண்ணீரில் நனைந்திருந்தால்தான் சரியான அளவைச் சொல்லும். தண்ணீர் முழுவதும் போய் அது வெறும் ஆவியில் நின்றால் முள் விழுந்துவிடும். என்ஜினோ உள்ளே வெந்துகொண்டிருக்கும். 'சூடு இறங்கிடுச்சு' என்று மகிழ்ந்து ஓட்டியவர்களின் வண்டிகள்தான் பட்டறையில் ஹெட் கழற்றிய நிலையில் கிடக்கின்றன.

மூடியைத் தொடாதீர்கள். அழுத்தத்தில் 110 டிகிரியில் அடங்கியிருக்கும் தண்ணீர், மூடி திறந்த நொடியில் அழுத்தம் இழந்து, ஒரு பகுதி ஆவியாகி, மீதியையும் இழுத்துக்கொண்டு மேலே பாயும். குக்கரில் வெயிட் அடங்கும் முன் மூடியைத் திறக்க நம் வீட்டில் யாராவது துணிவார்களா? அதே பயம் இங்கேயும் வேண்டும். பானட்டைத் திறந்து வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். அரை மணி நேரம் கழித்து மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். கையில் பிடித்து அழுத்தி வைத்திருக்க முடிந்தால்தான் மூடிப் பக்கம் போகலாம். அப்போதும் ஈரச் சாக்கை நாலாக மடித்து மேலே போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, முதல் பல் வரை மட்டும் திருப்பி நிறுத்துங்கள். 'புஸ்' சத்தம் முழுவதும் அடங்கிய பிறகு கழற்றுங்கள்.

யாராவது வெந்துகொண்டால் செய்யவேண்டியது ஒன்றே. சுத்தமான குளிர்ந்த தண்ணீரை இருபது நிமிடம் விடாமல் ஊற்றிக்கொண்டிருப்பது. மோதிரம், கைக்கடிகாரம் இருந்தால் வீங்குமுன் கழற்றிவிடுங்கள். பேனா மை, பற்பசை, நெய், மஞ்சள் எதுவும் பூசக்கூடாது. ஐஸ் கட்டியும் வைக்கக்கூடாது. சுத்தத் துணியால் மூடி ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆறுவதற்கென்று வைத்திருந்த தண்ணீரையெல்லாம் ரேடியேட்டரில் ஊற்றிவிட்டு மனிதனுக்கு இல்லாமல் நிற்கக்கூடாது என்பதற்காகவே வண்டியில் இரண்டு கேன் தண்ணீர் வையுங்கள் என்கிறோம்.

சூடான என்ஜினில் பச்சைத் தண்ணீரை மொத்தமாகக் கொட்டுவது அடுத்த ஆபத்து. பத்மினிக்கும் ஆம்னிக்கும் ஹெட் அலுமினியம். அது எளிதில் கோணிக்கொள்ளும். அம்பாசிடரின் பழைய 1489 சி.சி. என்ஜின் முழுவதும் வார்ப்பிரும்பு. கொஞ்சம் பொறுக்கும், ஆனால் விரிசல் விட்டால் இரும்பும் விரிசல்தான். ஆறிய பிறகு, என்ஜினை ஸ்டார்ட் செய்து மெதுவாக ஓடவிட்டு, டம்ளர் டம்ளராக ஊற்றுங்கள். அப்படி ஊற்றினால் உள்ளே அடைபட்ட காற்றும் குமிழியாக வெளியேறும்.

எங்கே ஒழுகுகிறது?

ஊற்றும்போதே பார்த்துவிடலாம். ஹோஸ் முனையில் சொட்டினால் கிளாம்ப் தளர்ந்திருக்கிறது. ஸ்குரூ டிரைவரால் ஒரு சுற்று இறுக்கினால் வேலை முடிந்தது. ஹோஸின் முனையிலேயே, கிளாம்ப் கடித்த இடத்தில் வெடித்திருந்தால், அந்த ஒரு அங்குலத்தைக் கத்தியால் நறுக்கி எறிந்துவிட்டு, மிச்ச ஹோஸை இழுத்து மாட்டி இறுக்குங்கள். வழியில் செய்யும் வேலைகளில் இதுதான் முதல்தரமானது. கைவைத்தியம் என்றே சொல்லவேண்டியதில்லை. ஹோஸ் தரமாக இருந்தால் பல மாதம் ஓடும்.

நடுவில் வெடித்தால்தான் கற்பனை தேவைப்படும். பழைய சைக்கிள் டியூபை இரண்டு விரல் அகலத்துக்கு நீளவாட்டில் வெட்டிக்கொள்ளுங்கள். ஹோஸை நன்றாகத் துடைத்து உலர்த்தி, வெடிப்புக்கு மூன்று அங்குலம் முன்பிருந்தே தொடங்கி, டியூபை முடிந்தவரை இழுத்துப் பிடித்தபடி, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடும்படி, வெடிப்பைத் தாண்டி இன்னொரு மூன்று அங்குலம் வரை சுற்றுங்கள். அதே வழியில் திரும்பி வந்து இன்னொரு அடுக்கு சுற்றுங்கள். இரண்டு முனைகளையும் கட்டுக்கம்பியால் முறுக்குங்கள். கம்பி ரப்பரை அறுக்காத அளவுக்கு. இன்ஸுலேஷன் டேப் வேண்டாம். சூட்டில் அதன் பசை உருகி வழிந்துவிடும். எம்-சீல் ரப்பர் மேல் ஒட்டாது; ஹோஸ் அசையும்போது ஓடுபோலப் பெயர்ந்துவிடும்.

வெடிப்பு பெரியதாக இருந்தால், அந்த இடத்தில் ஹோஸை இரண்டாக வெட்டி, உள்ளே பொருந்தும் ஒரு சாண் குழாய்த் துண்டைச் செருகி, இரு பக்கமும் கிளாம்ப் போடலாம். இங்கே நம் ஹார்டுவேர் கடை நண்பர்கள் கவனிக்க வேண்டும். அவசரத்தில் ஓடிவந்து கேட்பவருக்குச் சாதாரண பி.வி.சி. குழாய்த் துண்டைக் கொடுத்து அனுப்பாதீர்கள். அது 80 டிகிரிக்குள்ளாகவே இளகிவிடும். என்ஜின் தண்ணீர் அதைத் தாண்டித்தான் இருக்கும். கிளாம்ப் இறுக்கிய இடத்தில் நசுங்கி, ஐந்து கிலோமீட்டரில் மறுபடி பீச்சியடிக்கும். ஜி.ஐ. குழாய்த் துண்டோ, செம்புக் குழாயோ கொடுங்கள். விளிம்பை அரத்தால் மழுக்கிக் கொடுத்தால் இன்னும் புண்ணியம்.

இப்படிக் கட்டிய ஹோஸுக்கு 7 பவுண்டு, 13 பவுண்டு அழுத்தம் தாங்காது. ஆகவே ரேடியேட்டர் மூடியை முழுக்க இறுக்காமல் முதல் பல்லில் மட்டும் நிறுத்தி ஓட்டுங்கள். அழுத்தம் ஏறாது, கட்டு தாங்கும். ஆனால் முன்பு சொன்னபடி அழுத்தம் இல்லாவிட்டால் தண்ணீர் 100 டிகிரியிலேயே கொதிக்கும், கொஞ்சம் கொஞ்சமாக வழிந்தும் போகும். எனவே சரக்கை அங்கேயே இறக்கிவிட்டு, வெறும் வண்டியாக, நெரிசல் இல்லாத பக்கமாக, சீரான வேகத்தில் போக வேண்டும். அடி அண்ணாமலையிலிருந்து ஊருக்குள் இருக்கும் பட்டறைக்குப் பத்து கிலோமீட்டருக்குள்தான். சைக்கிள் டியூப் அதற்குப் போதும். அதை நம்பிப் புதுச்சேரிக்கு லோடு பேசக்கூடாது.

கீழ் ஹோஸைப் பற்றி ஒரு வார்த்தை. பம்ப் இழுக்கும் வேகத்தில் அது உள்ளே ஒட்டிக்கொள்ளாமல் இருக்கச் சில வண்டிகளில் உள்ளே கம்பிச் சுருள் வைத்திருப்பார்கள். அது துருப்பிடித்து உதிர்ந்துபோனால், நிற்கும்போது சரியாக இருக்கும் ஹோஸ், வேகமெடுக்கும்போது தட்டையாகிவிடும். ஒழுகலே இல்லாமல் சூடேறும் வண்டியில், பானட்டைத் திறந்து வைத்து, வேறொருவரை ஆக்ஸிலேட்டர் கொடுக்கச் சொல்லி இதைப் பாருங்கள்.

மஞ்சள் தூளும் சோப்பும்

ரேடியேட்டரே ஒழுகினால் நம் நாட்டு டிரைவர்கள் மளிகைக் கடைக்கு வருவார்கள். இரண்டு தேக்கரண்டி மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்து ரேடியேட்டரில் ஊற்றுவது லாரிக்காரர்களிடையே பழைய வழக்கம். சிரித்துத் தள்ளவேண்டாம், ஊசித்துளை ஒழுகலுக்கு இது வேலை செய்கிறது. மஞ்சளிலுள்ள மாவுப்பொருள் சூடான தண்ணீரில் ஊறிப் பருத்து, தண்ணீர் கசியும் இடத்துக்கு இழுபட்டுப் போய் அடைத்துக்கொள்கிறது. ஆனால் மஞ்சளுக்கு எது ஓட்டை, எது குழாய் என்று தெரியாது. இரண்டு கரண்டியில் நிற்காத ஒழுகலுக்கு கால் கிலோ கொட்டினால், ஓட்டை அடைபடுகிறதோ இல்லையோ, ஏற்கெனவே உப்பு படிந்து குறுகிய மெல்லிய குழாய்கள் அடைபடும். பட்டறைக்குப் போனதும் 'மஞ்சள் போட்டிருக்கிறது' என்று மெக்கானிக்கிடம் சொல்லி, முழுவதும் அலசிவிடச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் ஒரு மாதம் கழித்து அதே பட்டறையில் மறுபடி நிற்பீர்கள். முட்டை வெள்ளைக்கருவும் கோதுமை மாவும் இதே ஜாதிதான். நாற்றம் மட்டும் கூடுதல்.

ரேடியேட்டரின் மேல் தொட்டியிலோ அடித் தொட்டியிலோ கீறல் தெரிந்தால், சலவைச் சோப்பைக் கெட்டியாகப் பிசைந்து அடைத்துச் சில கிலோமீட்டர் போகலாம். எம்-சீல் இன்னும் உறுதி. ஆனால் இடம் உலர்ந்து, உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக இருக்கவேண்டும். கலந்து பூசிய பிறகு இறுகுவதற்கு நேரமும் கொடுக்கவேண்டும். அவசரக்காரர்களுக்கு அது உதவாது. நடுவிலுள்ள குழாய் ஒன்று ஓட்டையானால், பழைய செம்பு, பித்தளை ரேடியேட்டரில் சுற்றியுள்ள தகட்டு மடிப்புகளைக் கொஞ்சம் விலக்கி, அந்தக் குழாயை ஓட்டைக்கு மேலும் கீழும் குறடால் நசுக்கி மடித்துவிடலாம். பல குழாய்களில் ஒன்றிரண்டை இழப்பதால் வண்டி நின்றுவிடாது. செம்பு ரேடியேட்டரைப் பிறகு பற்று வைக்கும் கடையில் ஈயம் உருக்கிச் சரிசெய்துவிடலாம். பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியக் குழாயுமாக வரும் ரேடியேட்டரில் அந்தப் பற்று பிடிக்காது. அதைப் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும். செம்பு ரேடியேட்டரைப் பழைய இரும்பு விலைக்குப் போட்டுவிட்டு மலிவான அலுமினியம் மாட்டிக்கொள்பவர்கள் இந்த வித்தியாசத்தை யோசித்துச் செய்யட்டும்.

பெல்ட், விசிறி, வால்வு

அம்பாசிடரில் ஒரே பேன் பெல்ட் விசிறியையும் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. பேட்டரிக்குச் சார்ஜ் கொடுப்பதும் அதுவே. ஆகவே சார்ஜ் விளக்கு சிவப்பாக எரிந்து, பின்னாலேயே முள்ளும் ஏறினால், பானட்டைத் திறக்காமலே சொல்லிவிடலாம்: பெல்ட் அறுந்தது. மாருதியில் விசிறி கரண்டில் ஓடினாலும் பம்பைச் சுற்றுவது பெல்ட்தான். அறுந்த பெல்ட்டுக்குப் பதிலாக நைலான் கயிறு, டியூப் வளையம் என்று முடிச்சுப் போடும் வித்தைகளைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். முடிச்சு புல்லியில் தட்டித் தட்டிச் சில நிமிடங்களில் பிரிந்துவிடும். விசிறியில் சிக்கினால் ரேடியேட்டரையும் கிழித்துவிடும். இதற்கு நல்ல கைவைத்தியமே கிடையாது. டிக்கியில் ஒரு புது பெல்ட்டும் அதை மாட்டத் தேவையான ஸ்பானரும் இருந்தால் கால் மணி நேர வேலை.

மின் விசிறி சுற்றாவிட்டால் பெரும்பாலும் மோட்டார் மேல் குற்றமிருக்காது. சூட்டை உணர்ந்து விசிறியைப் போடும் ஸ்விட்சோ, ரிலேயோ, பியூஸோ போயிருக்கும். பியூஸைப் பார்த்துவிட்டு, பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு நேராக ஒயர் கொடுத்து 'டைரக்ட்' செய்துவிடலாம். இதில் தவறில்லை. ஒயர் தடிமனாக இருக்கட்டும். பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே 15 ஆம்பியர் பியூஸ் ஒன்றைச் சேருங்கள். பியூஸ் இல்லாத ஒயர் சூடான என்ஜினில் உரசித் தோல் உரிந்தால் வண்டியே எரிந்துபோகும். கற்பூர லோடு ஏற்றிய வண்டி என்பதை மறக்கவேண்டாம். வண்டியை நிறுத்தியதும் ஒயரைக் கழற்றாவிட்டால் காலையில் பேட்டரி செத்திருக்கும்.

தெர்மோஸ்டாட் வால்வு மூடியபடி சிக்கிக்கொண்டால் தண்ணீர் ரேடியேட்டருக்கே வராது. மேல் ஹோஸின் ரேடியேட்டர் முனை குளிர்ந்தும் என்ஜின் கொதித்தும் இருப்பது இதன் அடையாளம். அதைக் கழற்றி எறிந்துவிட்டு வீடு வந்து சேருவது சரியான அவசரச் சிகிச்சைதான். 'நம்ம வெயிலுக்கு வால்வே தேவையில்லீங்க' என்று நிரந்தரமாக அப்படியே விட்டுவிடுவதுதான் சரியல்ல. வால்வு இல்லாத என்ஜின் உரிய சூட்டுக்கு வர வெகுநேரமாகும். அதுவரை பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், உள்ளே தேய்மானமும் கூடும். சில என்ஜின்களில் வால்வு இல்லாவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். நெரிசலில் முன்னைவிட அதிகம் சூடேறும்.

தண்ணீருக்கும் கணக்கு எழுதுங்கள்

கைவைத்தியம் செய்தாயிற்று; ஓட்டலாமா, இழுத்துக்கொண்டு போகலாமா? இதற்கு வியாபாரிக்குத் தெரிந்த வழியே போதும். ஓடிய கிலோமீட்டரையும் ஊற்றிய லிட்டரையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆம்னி போன்ற சிறிய என்ஜினில் உள்ளே நிற்கும் தண்ணீர் மொத்தமே நான்கு லிட்டர் அளவுதான். முதலில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, ஆறவிட்டுத் திறந்து பார்த்து எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்து ஊற்றுங்கள். கால் லிட்டர் குறைந்திருந்தால் பத்து கிலோமீட்டருக்கு ஒன்றேகால் லிட்டர், சமாளிக்கலாம். ஒரு லிட்டர் குறைந்திருந்தால் எட்டு கிலோமீட்டரில் என்ஜின் காய்ந்துவிடும். அதற்குப் பாதியிலேயே பம்புக்குத் தண்ணீர் எட்டாது. அப்படியானால் கயிறு கட்டி இழுத்துப் போகும் கூலிதான் மலிவு.

ஒழுகலே கண்ணில் படவில்லை, ஆனால் தண்ணீர் குறைகிறது என்றால் கைவைத்தியப் பேச்சே எடுக்கக் கூடாது. மூடியைத் திறந்து வைத்து ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது ரேடியேட்டர் வாயில் தொடர்ந்து குமிழி வருகிறதா, ஆயில் குச்சியில் மோர் போன்ற வெண்மை தெரிகிறதா, சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று சந்தேகிக்க வேண்டும். மஞ்சள் தூளும் டியூபும் அங்கே எட்டாது. தண்ணீர் கலந்த ஆயிலில் ஓட்டினால் பேரிங்கும் சேர்ந்து போகும். அந்த வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் இழுத்துத்தான் போகவேண்டும், தீபத்துக்கு முதல்நாளாக இருந்தாலும்.

இத்தனைக்கும் தொடக்கம் பெரும்பாலும் நாம் ஊற்றும் தண்ணீர்தான். பாறைப் பூமியிலுள்ள கிணற்று நீரும் போர் நீரும் உப்புத் தண்ணீர். டீக்கடை பாய்லரின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருக்கிறோம். அதே படிவு ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படிகிறது. அங்கே சுரண்ட முடியாது. வழியில் கிடைத்த தண்ணீரை ஊற்றியதில் குற்றமில்லை. கொதிக்கும் வண்டிக்குக் குளத்து நீரும் அமுதம்தான். ஆனால் அந்த வாரத்திலேயே முழுவதும் வடித்துவிட்டு, டிஸ்டில்ட் வாட்டரில் கூலண்டைக் கலந்து நிரப்பவேண்டும். கூலண்ட் குளிர் நாட்டுக்காரர்களுக்குத்தான் என்பது தவறான எண்ணம். பாதிக்குப் பாதி கலந்தால் அழுத்தம் இல்லாமலேயே 106 டிகிரி வரை கொதிக்காது. அதைவிட, உள்ளே துருப்பிடிக்காமல் காப்பது அதன் பெரிய உபகாரம். கலக்கும் அளவு டப்பாவின் மேலேயே அச்சிட்டிருக்கும்.

டிக்கியில் வைக்கவேண்டியவை அதிகமில்லை. இரண்டு கேன் தண்ணீர், ஒரு பெல்ட், மேல் ஹோஸ் ஒன்று, நாலு கிளாம்ப், சைக்கிள் டியூப், கட்டுக்கம்பி, குறடு, ஸ்குரூ டிரைவர், ஒரு கோணிச் சாக்கு. மொத்தமும் ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டிக்குள் அடங்கும்.

கூலண்ட் வாங்கி மீதம் வைப்பவர்களுக்கு, குறிப்பாக மளிகைக் கடை வைத்திருப்பவர்களுக்கு, ஒன்று சொல்லவேண்டும். எத்திலீன் கிளைக்கால் என்ற அந்தத் திரவம் இனிக்கும், ஆனால் விஷம். சிறிதளவு குடித்தாலே சிறுநீரகத்தைக் கெடுத்து உயிருக்கு உலைவைக்கும். பச்சை நிறத்தில் சர்பத் போலவே இருப்பதால் குழந்தை எடுத்துக் குடிக்க இடமுண்டு. மிச்சத்தைத் தண்ணீர் பாட்டிலிலோ எண்ணெய் கேனிலோ ஊற்றிக் கல்லாவுக்குக் கீழே வைக்காதீர்கள். வந்த டப்பாவிலேயே, பெயர் தெரியும்படி, சரக்கு அடுக்கும் அறைக்கு வெளியே, பூட்டிய இடத்தில் வையுங்கள். ரேடியேட்டரிலிருந்து வடித்ததை நாயும் மாடும் நக்கும்படி தெருவில் கொட்டாமல், ஒரு கேனில் பிடித்து மூடிப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.